கடலோரப் பட்டறையில் கம்பிக்குப் பூச்சு: முக்கி எடுப்பதா, டையில் இழுப்பதா?

இராமநாதபுரம் கடற்கரையில் இரும்போடு பிழைக்கிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும்: கம்பிக்கு நாமே பூச்சு கொடுத்துவிட்டால் என்ன? கருவாடு காயவைக்கும் பரண், நண்டுக் கூடு, தோட்டத்து வேலி என எதற்குக் கம்பி வாங்கினாலும் துரு முந்திக்கொள்கிறது. மண்டபத்தில் வடகடலும் தென்கடலும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. வாடை அடித்தால் அந்தப் பக்கத்து உப்பு, கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடித்தால் இந்தப் பக்கத்து உப்பு. கம்பிக்கு ஓய்வே கிடையாது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் தன் அரிப்புச் சோதனைக்கு மண்டபத்தைத் தேர்ந்ததும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பெயின்டும் போட்டதும் இந்தக் காற்றை மனதில் வைத்துத்தான்.

மண்டபம் பக்கம் வெல்டிங் பட்டறை நடத்தும் தம்பி ஒருவர், "அண்ணே, பெயின்டு டப்பாவுல முக்கி எடுத்தாப் போதாதா? இதுக்கு எதுக்கு மெசினு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சில வேலைக்குப் போதும், சில வேலைக்குப் போதாது. எதற்கு எது என்பதை விலைப்பட்டியலைப் பார்த்து முடிவு செய்வதைவிட, திரவம் கம்பியின் மேல் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பார்த்து முடிவு செய்வது நல்லது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

பட்டறைக்குக் கைக்கெட்டும் வழிகள் நான்கு. பெயின்டில் முக்கி மெதுவாக வெளியே எடுப்பது. பெயின்டு நிரம்பிய சிறு கிண்ணத்தின் அடியில் டை என்ற துளையிட்ட உலோகக் கட்டையை வைத்து அதன் வழியே கம்பியை இழுப்பது. முக்கிய கம்பியைப் பஞ்சாலோ துணியாலோ துடைத்தபடி இழுப்பது. இந்தத் தொல்லையே வேண்டாம் என்று துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பியோ பி.வி.சி. உறை போட்ட கம்பியோ கடையில் வாங்கிக்கொள்வது. இவற்றை ஒப்பிட நான் வைக்கும் அளவுகோல் ஒன்றுதான்: பூச்சின் கனத்தைத் தீர்மானிப்பது எது? அது நம் கைக்குள் இருக்கிறதா?

முதலில் முக்கி எடுப்பது. கம்பியைப் பெயின்டிலிருந்து செங்குத்தாக மேலே இழுக்கும்போது கம்பியின் அடியில் உற்றுப் பாருங்கள். பெயின்டின் மட்டம் கம்பியை ஒட்டிச் சற்றே மேலேறி வளைந்து நிற்கும். அந்த வளைவு முடியும் இடத்தில்தான் எல்லாமே முடிவாகிறது. கம்பி தன் வேகத்தால் பெயின்டை மேலே இழுக்கிறது. பெயின்டின் பாகுத்தன்மை, அதாவது ஓட மறுக்கும் கெட்டித்தனம், அதற்குத் துணை நிற்கிறது. பரப்பு இழுவிசை "வராதே" என்று கீழே பிடித்து வைக்கிறது. இந்த இரண்டு பலத்தின் விகிதத்துக்கு நுண்புழை எண் என்று பெயர்: பாகுத்தன்மையை வேகத்தால் பெருக்கி, பரப்பு இழுவிசையால் வகுத்தால் கிடைப்பது. கம்பியில் ஒட்டும் படலத்தை 1922-லேயே கௌச்சர், வார்டு என்ற இருவர் அளந்தார்கள். தட்டையான பரப்புக்கு முழுக் கணக்கை 1942-ல் லாண்டாவும் லெவிச்சும், 1943-ல் தெரியாகினும் தந்தார்கள். மெல்லிய கம்பிக்கு அது சொல்வது இது: ஈரப் படலத்தின் கனம் ஏறத்தாழ கம்பியின் ஆரத்தைப் போல 1.34 மடங்கு, அதை நுண்புழை எண்ணின் மூன்றில் இரண்டு அடுக்கால் பெருக்க வேண்டும். கம்பி பருத்துக்கொண்டே போனால் ஈர்ப்பு விசையும் கணக்கில் சேர்ந்து, கனம் இதைவிடக் குறையும்.

சூத்திரத்தைப் பட்டறை மொழிக்குக் கொண்டுவருவோம். வேகத்தை 8 மடங்கு கூட்டினால் படலம் 4 மடங்கு கனக்கும். இரட்டிப்பாக்கினால் கிட்டத்தட்ட 1.6 மடங்கு. பாகுத்தன்மைக்கும் இதே கணக்குத்தான். அதாவது மெதுவாக இழுத்தால் மெல்லிசு, வேகமாக இழுத்தால் தடிமன். முதல்முறை கேட்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். மெதுவாக எடுத்தால்தானே நிறைய ஒட்டும் என்பார்கள். இல்லை, மெதுவாக எடுத்தால் பெயின்டுக்குக் கீழே திரும்பிப் போக நேரம் கிடைக்கிறது.

ஒரு கணக்குப் போடலாம். 1 மி.மீ. கம்பி, விளக்கெண்ணெய் அளவுக்குக் கெட்டியாக இருக்கும் எபாக்சி பெயின்டு. நொடிக்கு 1 மி.மீ. வேகத்தில் எடுத்தால் ஈரப் படலம் 50 மைக்ரானுக்குச் சற்றுக் கீழே வரும் (ஒரு மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). நல்ல கனம்தான். ஆனால் அந்த வேகத்தில் ஒரு மீட்டர் கம்பியை வெளியே எடுக்க 17 நிமிடம் ஆகும்! கையால் சாதாரணமாக இழுத்தால் நொடிக்கு 10 செ.மீ. போய்விடும். அப்போது மேலே சொன்ன சூத்திரமே பொருந்தாது. பெயின்டு கட்டியாக ஏறி, பின் வழிந்து, கம்பியின் கீழ்முனையில் கொழுத்த சொட்டாகத் தொங்கும். தின்னரை ஊற்றிப் பத்தில் ஒரு பங்கு பாகுத்தன்மைக்குக் கொண்டுவந்தால் வேகத்தைப் பத்து மடங்கு கூட்டிக்கொள்ளலாம், அதே கனம் வரும். ஆனால் தின்னர் ஆவியான பிறகு மிஞ்சுவது குறைவு. அதோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது.

அந்தச் சிக்கல் மணி கட்டுவது. வலை இழுத்து முடித்ததும் தங்கூசி என்ற நைலான் நரம்பில் நீர் எப்படி நிற்கிறது என்று இந்தக் கரையில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சீராக நனைந்து நிற்பதில்லை. ஒரே இடைவெளியில் துளித்துளியாகக் கோத்தது போல நிற்கும். கம்பியின் மேலுள்ள பெயின்டும் அதே வழியில்தான் போகப் பார்க்கும். நீளமான திரவ உருளையைவிடத் துளிகளுக்குப் பரப்பளவு குறைவு என்பதால், பரப்பு இழுவிசை உருளையைத் துளிகளாக உடைக்கத் துடிக்கிறது. பெல்ஜிய அறிஞர் ஜோசப் பிளாட்டோவும் ஆங்கிலேய அறிஞர் ரேலியும் 19-ஆம் நூற்றாண்டில் விளக்கிய இந்த நிலைகுலைவு, மெல்லிய படலத்தில் கம்பி ஆரத்தைப் போல ஏறக்குறைய 9 மடங்கு இடைவெளியில் மணிகளை உண்டாக்கும். 1 மி.மீ. கம்பியில் நாலரை மி.மீ.க்கு ஒரு மணி. மணியின் மேல் பெயின்டு குவியும், இரண்டு மணிக்கு நடுவில் பெயின்டு மெலிந்துவிடும். துரு உள்ளே நுழைவது அந்த நடுவில்தான். வெளியிலிருந்து பார்த்தால் கம்பி முழுக்கப் பெயின்டு இருப்பது போலவே தெரியும்.

எனவே கேள்வி, மணி கட்டுமா என்பதல்ல. மணி கட்டுவதற்குள் பெயின்டு இறுகுமா என்பதே. மணி வளர ஆகும் நேரம் பாகுத்தன்மையோடு நேராகக் கூடும், கம்பி ஆரத்தின் நான்காம் அடுக்கோடு கூடும், படலக் கனத்தின் மூன்றாம் அடுக்கோடு குறையும். மேலே சொன்ன 1 மி.மீ. கம்பியில் 50 மைக்ரான் எபாக்சிக்கு இந்த நேரம் இரண்டு நிமிடத்துக்குள். தின்னர் ஊற்றி நீர்க்க வைத்த பெயின்டுக்குப் பத்துப் பதினோரு நொடிதான். படலத்தைப் பாதியாக்கினால் நேரம் 8 மடங்கு நீள்கிறது. கம்பியை 2 மி.மீ. ஆக்கினால் அதே படலத்துக்கு 16 மடங்கு, அதாவது அரை மணி நேரம். இந்த ஒரு பத்தியிலிருந்து பட்டறைக்கு இரண்டு விதிகள் கிடைக்கின்றன. மெல்லிய கம்பிக்கு ஒரே தடவையில் கனமாகப் பூசவே கூடாது. மெலிதாக, காயவைத்துக் காயவைத்துப் பல தடவை பூச வேண்டும். மோட்டார் சுற்றும் எனாமல் செம்புக் கம்பியைத் தொழிற்சாலையில் பூச்சுக்கும் சூளைக்குமாகப் பலமுறை ஓட்டி எடுக்கிறார்கள். மெலிதாகப் பல தடவை என்பதுதான் அங்கேயும் வழி. 3 மி.மீ. போன்ற பருமனான கம்பிக்கு இந்தக் கவலை பெரும்பாலும் வேண்டாம்.

முக்கி எடுப்பதில் பணத்தைத் தின்னும் விஷயம் இன்னொன்று உண்டு. 3 மீட்டர் கம்பியை நட்டக்குத்தலாக முக்க வேண்டுமானால் தொட்டியும் 3 மீட்டர் உயரம் வேண்டும். 4 அங்குலக் குழாயை அடைத்து நிறுத்தினால் சுமார் 24 லிட்டர் பெயின்டு பிடிக்கும். 3 மி.மீ. கம்பி 3 மீட்டருக்கு 50 மைக்ரான் பூச எவ்வளவு பெயின்டு போகும் தெரியுமா? ஒன்றரை மில்லிலிட்டர்கூட இல்லை. நூறு கம்பி பூசினாலும் 150 மில்லிக்குள் முடிந்துவிடும். ஒரே டப்பாவில் வரும் எனாமலோ கறுப்பு பிடுமென் பெயின்டோ என்றால் மீதியை மூடி வைத்து அடுத்த வாரம் பயன்படுத்தலாம். கடல் காற்றுக்குத் தாங்கும் எபாக்சி இரண்டு டப்பா சேர்த்துக் கலப்பது. கலந்த பிறகு கடிகாரம் ஓட ஆரம்பிக்கும், நம் ஊர் வெயிலில் இன்னும் வேகமாக ஓடும். 150 மில்லி வேலைக்கு 24 லிட்டர் எபாக்சியைக் கலந்து கல்லாக்க யாரால் முடியும்? எபாக்சிதான் வேண்டுமென்றால் நீளக் கம்பியை முக்கி எடுக்கும் யோசனையை இங்கேயே விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

அப்படியும் முக்கித்தான் ஆக வேண்டிய வேலைகள் உண்டு. வெல்டு வைத்து முடித்த நண்டுக் கூட்டுச் சட்டம் எந்தத் துளைக்குள்ளும் நுழையாது. அதற்குத் தொட்டிதான் வழி. சட்டம் குட்டை என்பதால் தொட்டியும் சிறிதாக இருந்தால் போதும். சட்டத்தைத் தூக்குவதைவிடத் தொட்டியின் அடியில் வால்வு வைத்துப் பெயின்டை மெல்ல இறக்கிவிடுவது சீரான வேகம் தரும். கை நடுக்கமும் கயிற்றுக் குலுக்கலும் படலத்தில் வளையமாகப் பதிவது நின்றுபோகும். இரண்டு கம்பிகள் நெருங்கி ஓடும் இடத்தில் பெயின்டு பாலம் கட்டி நிற்கும்; ஒரு விரற்கடை இடைவெளி விட்டுச் சட்டத்தை வடிவமைத்தால் அது வராது.

இப்போது டை. ஒரு பித்தளைக் கட்டையில் 3.2 மி.மீ. துளை, அதன் வாய் புனல் போலக் குறுகி இறங்க வேண்டும். மேலே பெயின்டுக் கிண்ணம், நடுவில் 3 மி.மீ. கம்பி. சுற்றிலும் 0.1 மி.மீ. இடைவெளி. கம்பியை இழுக்கும்போது இடைவெளியில் உள்ள பெயின்டில் கம்பியை ஒட்டிய அடுக்கு கம்பியின் வேகத்தில் வரும், துளைச் சுவரை ஒட்டிய அடுக்கு அசையாமல் நிற்கும், நடுவில் உள்ளவை படிப்படியாக. சராசரி வேகம் கம்பி வேகத்தில் பாதி. ஆகவே வெளியே வரும் படலம் இடைவெளியில் பாதி: 50 மைக்ரான்.

இந்தக் கணக்கில் எது இல்லை என்று பாருங்கள். வேகம் இல்லை. பாகுத்தன்மை இல்லை. பரப்பு இழுவிசையும் இல்லை. துளையின் அளவு மட்டுமே கனத்தைத் தீர்மானிக்கிறது. கிண்ணத்தில் பெயின்டு 10 செ.மீ. உயரம் நின்றாலும், நொடிக்கு 10 செ.மீ. வேகத்தில் இழுக்கும்போது அந்த அழுத்தத்தால் கூடுதலாக வருவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. நம் கடற்கரைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். காலையில் இருக்கும் பெயின்டு மத்தியானத்தில் இல்லை, சூடேறினால் நீர்க்கும். எபாக்சியோ கலந்த நேரத்திலிருந்து கெட்டிப்பட்டுக்கொண்டே போகும். பாகுத்தன்மை பாதியானால் முக்கி எடுத்த படலம் 63 சதவீதமாகச் சுருங்கும், இரட்டித்தால் 1.6 மடங்காகும். டையில் இழுத்த படலம் அப்படியே இருக்கும். பாகுத்தன்மை அளக்கும் ஃபோர்டு கப் வைத்து மணிக்கொரு தரம் பெயின்டை அளந்து பார்க்கும் ஆள் நம் பட்டறைகளில் இல்லை. துளையின் அளவு மாறாது என்ற உறுதிதான் நமக்கு வேண்டும். கிண்ணத்தில் 200 மில்லி எபாக்சி கலந்தால் ஒரு வேளை வேலை முடிந்துவிடும், வீணாவது கொஞ்சம்தான்.

டைக்கும் குறைகள் உண்டு, அவை வேறு வகை. முதலாவது, துளை தீர்மானிக்கிறது என்றால் கம்பியின் பருமனும் சேர்ந்தே தீர்மானிக்கிறது என்று பொருள். கம்பி 0.05 மி.மீ. மெலிந்து வந்தால் படலம் 12 மைக்ரானுக்கு மேல் கூடிவிடும். ஆகவே சுருள் வாங்கும்போதே கேலிப்பரை வைத்து நாலைந்து இடத்தில் அளந்து பார்க்க வேண்டும். இரண்டாவதுதான் பெரியது: கம்பி நடுவில் ஓட வேண்டும். ஒரு பக்கம் 0.15, மறுபக்கம் 0.05 மி.மீ. என்று சாய்ந்தால் படலம் 75-ம் 25-ம் ஆகப் பிரியும். வெளியே வந்த பிறகு பரப்பு இழுவிசை இதைச் சரிசெய்துவிடும் என்று நம்பிவிட வேண்டாம். வெளி விளிம்பு அப்போதும் முழு வட்டம்தான், மையம் மட்டும் விலகியிருக்கிறது. வட்டத்தில் பரப்பு இழுவிசைக்குத் திருத்த எதுவும் இல்லை, அதனால் கோணல் கோணலாகவே இறுகிவிடும். கண்ணுக்கும் தெரியாது, வெட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

இதற்கு மருந்து இரண்டு. சுருளிலிருந்து வரும் கம்பியில் வளைவு இருக்கும். அது துளையின் ஒரு பக்கத்தையே அழுத்தும். டைக்கு முன்னால் உருளைகள் வைத்துக் கம்பியை நிமிர்த்தியே ஆக வேண்டும். அடுத்தது டையின் புனல் வாய். கம்பி ஒரு பக்கம் சாய்ந்தால், குறுகிக்கொண்டு போகும் அந்தப் பக்கத்து இடுக்கில் பெயின்டின் அழுத்தம் ஏறி, கம்பியை நடுவுக்குத் தள்ளும். நேரான துளைக்கு இந்தக் குணம் இல்லை. கடைசல் பட்டறையில் டை செய்யச் சொல்லும்போது "வாய் நீளமா, மெதுவா குறுகணும்" என்று சொல்லிச் செய்யுங்கள். இந்த ஒரு வரிக்கு மற்ற எல்லாவற்றையும்விட மதிப்பு அதிகம். கம்பியைக் கிடையாக இழுக்காமல் செங்குத்தாக இழுப்பதும் நல்லது; கிடையாக இழுத்தால் பெயின்டு அடிப்பக்கம் இறங்கித் தொங்கும்.

மூன்றாவது குறை, ஈரக் கம்பி எங்கே போவது? நொடிக்கு 10 செ.மீ. வேகத்தில் வரும் கம்பியில் பெயின்டு தொட்டால் ஒட்டாத நிலைக்கு வர 20 நிமிடம் என்றால், அதற்குள் 120 மீட்டர் கம்பி வெளியே வந்துவிடும். ஒளியிழைத் தொழிற்சாலையில் 125 மைக்ரான் கண்ணாடி இழையை டையில் இழுத்து, உடனேயே புற ஊதா ஒளியில் இறுக்கிவிடுகிறார்கள். அந்த வசதி நமக்கு இல்லை. ஆகவே சுருளாகப் பூசும் ஆசையை விட்டுவிட்டு, 3 மீட்டராக வெட்டி நிமிர்த்திய கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்து, மேல்முனையில் கொக்கி போட்டுத் தொங்கவிட வேண்டும். ஒரு கம்பிக்கு அரை நிமிடம்.

துடைத்தபடி இழுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பஞ்சு எவ்வளவு அழுத்துகிறது என்பதுதான் கனம். அது பிடிக்கிற கையைப் பொறுத்து, பஞ்சு ஊறிய அளவைப் பொறுத்து, நேரத்துக்கு நேரம் மாறும். ஏற்கெனவே பூசிய கம்பிக்கு எண்ணெயோ கிரீசோ தடவ அது போதும். முதல் பூச்சுக்கு வேண்டாம்.

கடையில் வாங்கும் ஜி.ஐ. கம்பியை இந்த வரிசையில் எங்கே வைப்பது? அதுவும் முக்கி எடுத்ததுதான்: சுமார் 450 டிகிரி சூட்டில் உருகிய துத்தநாகத்தில். உருகிய துத்தநாகம் நீர்த்தது, கனமானது. தொழிற்சாலை வேகத்தில் கம்பி எழும்போது உந்தத்தால் தேவைக்கு மேல் ஏறிவிடும். அதனால்தான் வெளியே வரும் இடத்தில் காற்றாலோ வேறு திண்டாலோ வழித்துவிடுகிறார்கள். எவ்வளவு வழித்தார்கள் என்பதுதான் மலிவுக் கம்பிக்கும் நல்ல கம்பிக்கும் உள்ள வித்தியாசம். ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம் துத்தநாகம் என்றால் 14 மைக்ரான். வாங்கும்போது கம்பியின் மினுமினுப்பைப் பார்க்காமல் இந்தக் கிராமைக் கேளுங்கள்.

துத்தநாகத்திடம் எந்தப் பெயின்டுக்கும் இல்லாத குணம் ஒன்று உண்டு. கீறல் விழுந்தாலும், கீறலின் ஓரத்தில் உள்ள துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். பெயின்டு வெறும் சுவர்; ஓட்டை விழுந்தால் அவ்வளவுதான். பி.வி.சி. உறையும் சுவர்தான், பெயின்டைவிடத் தடிமனான சுவர். ஆனால் வெட்டுமுனையில் நீர் புகுந்தால் உறைக்கு அடியிலேயே ஊர்ந்து போகும். மேலே பச்சை உறை பளபளவென்று இருக்க, உள்ளே இரும்பு உதிர்ந்திருக்கும். முனை வெட்டாமல் நீளமாக ஓடும் வேலிக்கு அது சரி, துண்டு துண்டாக வெட்டி முறுக்கும் நண்டுக் கூட்டு வேலைக்குச் சரிவராது.

ஆகவே அந்தத் தம்பிக்கு நான் சொன்னது: துத்தநாகம் பூசாத கறுப்புக் கம்பியை வாங்கிப் பூசாதே, ஜி.ஐ. கம்பியை வாங்கி அதன் மேல் பூசு. பரணுக்கும் கூட்டுக்குமான 3 மி.மீ. நேர்க்கம்பியை 3.2 டையில் எபாக்சி பிரைமர் ஒரு தடவை, காய்ந்த பிறகு சற்றுப் பெரிய டையில் மேல்பூச்சு ஒரு தடவை. சாதாரண எனாமலை நேராகத் துத்தநாகத்தின் மேல் அடித்தால் நாளடைவில் சவர்க்காரம் போல மாறி உரிந்துவிடும், அதனால் பிரைமரைத் தவிர்க்கக் கூடாது. வெல்டு வைத்த இடங்களில் துத்தநாகம் எரிந்துபோயிருக்கும். அந்தச் சட்டங்களைச் சிறு தொட்டியில் முக்கி, வால்வைத் திறந்து மெதுவாக இறக்கு. 1 மி.மீ. கட்டுக்கம்பிக்குப் பூச்சு வேலையே வேண்டாம்; மெல்லிய கம்பியில் மணி கட்டாமல் பூசுவதற்குச் செலவாகும் நேரத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கட்டுக்கம்பி வாங்கிவிடலாம்.

எந்த வழியாக இருந்தாலும் பூசும் முன் கம்பியை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், உவர் கிணற்றுத் தண்ணீரில் அல்ல. படலத்துக்கு அடியில் ஒட்டியிருக்கும் உப்பு வெளியிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, பெயின்டைக் கொப்புளமாக எழுப்பும். இராத்திரி வெளியில் கிடந்த கம்பியில் கண்ணுக்குத் தெரியாத பனியும் இருக்கும். கம்பியின் சூடு, காற்றின் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரியாவது மேலே இருந்தால்தான் பூசலாம், நம் கரையில் அதற்கு வெயில் ஏறிய பிறகுதான் நேரம். கச்சான் மாதங்களில் மணல் பறந்து ஈரப் பெயின்டில் ஒட்டும் என்பதால் தொங்கவிடும் இடத்துக்கு மூன்று பக்கமாவது தட்டி அடைக்க வேண்டும். வெட்டிய முனைகளில் பரப்பு இழுவிசை பெயின்டைக் கூர்விளிம்பிலிருந்து பின்னுக்கு இழுத்துவிடும். எனவே முனைகளை அரத்தால் மழுக்கிவிட்டு, கிண்ணத்தில் மிச்சமிருக்கும் எபாக்சி கல்லாவதற்குள் ஒரு தூரிகையால் இரண்டு தடவை தொட்டு வைத்துவிடுங்கள்.